கீழே விழுந்த இடுக்கி: 19 பேரின் மரணப் பழியைச் சுமந்த ஹாஃப்கின்

காலரா, பிளேக் ஆகிய இரு கொள்ளைநோய்களுக்கும் தடுப்பூசி கண்ட வால்டெமர் ஹாஃப்கினின் நற்பெயர், பஞ்சாபில் ஒரு சிற்றூரில் தரையில் விழுந்த சிறிய இடுக்கி ஒன்றால் குலைந்தது. தம்மீது தவறில்லை என்பதை நிலைநாட்ட அவருக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் தேவைப்பட்டன.

ரஷ்யப் பேரரசின் ஒடெசா நகரில் 1860-ஆம் ஆண்டு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஹாஃப்கின். நுண்ணுயிரியல் அறிஞர் மெச்னிகோவின் மாணவர். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் அவருக்கு முதலில் கிடைத்தது நூலகப் பணியே. அங்கு காலரா தடுப்பூசியை உருவாக்கிய அவர், 1892 ஜூலையில் அதை முதலில் தம் உடலிலேயே செலுத்திப் பார்த்தார். மறு ஆண்டு இந்தியா வந்தார். திருப்பதி, காசி, பூரி போன்ற யாத்திரைத் தலங்களில் கூட்டம் சேரும்போதெல்லாம் காலரா குறித்து அரசு அஞ்சிய காலம் அது. 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியபோது அரசு அவரை அங்கு அனுப்பியது. சில மாதங்களில் தடுப்பூசி தயாரானது. 1897 ஜனவரி 10 அன்று அதையும் அவரே முதலில் போட்டுக்கொண்டார்.

தேவை பெருகியதால் தயாரிப்பு முறையில் ஒரு மாற்றம் செய்தார். கிருமிகளை அழிக்கக் கார்பாலிக் அமிலம் சேர்ப்பதைக் கைவிட்டு, வெப்பத்தையே நம்பினார். பாஸ்டர் நிறுவனத்தில் பழக்கத்தில் இருந்த வழிதான் அது. எனினும் பின்னாளில் அவர்மீது எழுந்த குற்றச்சாட்டுக்கு இதுவே அடிப்படையாயிற்று.

1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில் 107 பேருக்குப் பிளேக் தடுப்பூசி போடப்பட்டது. ஒரு வாரத்தில், ஒரே குப்பியிலிருந்து மருந்து பெற்ற 19 பேருக்கு வில்வாதம் எனப்படும் டெட்டனஸ் கண்டது. பத்தொன்பது பேரும் இறந்தனர். மற்றக் குப்பிகளிலிருந்து ஊசி பெற்றவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை.

விசாரணைக் குழு, பம்பாய் ஆய்வகத்திலேயே குப்பி மாசுபட்டதாக முடிவு செய்தது. ஆய்வகத்தின் தலைமைப் பொறுப்பை ஹாஃப்கின் இழந்தார். ஆனால் அவ்விசாரணையின் சாட்சியங்களுக்குள்ளேயே வேறொரு செய்தி பதிவாகியிருந்தது. குப்பியின் தக்கையை எடுக்கப் பயன்படுத்திய இடுக்கி, உதவியாளரின் கையிலிருந்து தரையில் விழுந்தது. அதை நெருப்பில் காட்டாமல், கார்பாலிக் அமிலக் கரைசலில் சற்றே அலசிவிட்டு அவர் மீண்டும் பயன்படுத்தினார். டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மண்ணில் வாழ்பவை. அத்தகைய கணநேர முக்கலில் அவை சாவதில்லை. குப்பியைத் திறந்தபோது துர்நாற்றம் எதுவும் இல்லை என்று ஊசி போட்ட மருத்துவர் கூறியிருந்தார். பல நாட்களுக்கு முன்பே டெட்டனஸ் கிருமி உள்ளே வளர்ந்திருந்தால் நாற்றம் எழுந்திருக்க வேண்டும்.

மருந்து தொட்டுவிட்டது, ஆகவே சுத்தமாகிவிட்டது என்ற நம்பிக்கை இன்றும் மருத்துவமனைகளில் உண்டு. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் இதனைச் சுட்டிக்காட்டினர். ஒரே கிருமிநாசினி ஈரத்தாளால் கட்டில் கம்பி, கருவிப் பொத்தான், மேசை என வரிசையாகத் துடைக்கும்போது, முதல் பரப்பில் அகற்றிய பாக்டீரியாவை அத்தாளே அடுத்த பரப்பில் கொண்டுபோய் வைக்கக்கூடும் என்பது அவர்கள் கண்டது. ஒரு தாள், ஒரு பரப்பு, ஒரு முறை என்ற விதியை அவர்கள் பரிந்துரைத்தனர். சித்தூரிலோ திருப்பதியிலோ தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் ஒரு செவிலியருக்கும் இவ்விதி அப்படியே பொருந்தும். மருந்து வேலை செய்யக் குறிப்பிட்ட நேரம் பரப்பு ஈரமாக இருக்க வேண்டும் என்பதும் பலர் மறந்துவிடும் விஷயம். மல்கோவாலில் அந்த இடுக்கிக்கு மறுக்கப்பட்டதும் அந்த நேரமே.

ஹாஃப்கின் 1904-இல் லண்டன் சென்று தமக்காக வாதாடினார். லண்டன் லிஸ்டர் நிறுவனம் சான்றுகளை ஆராய்ந்து, குப்பி திறக்கப்பட்ட இடத்திலேயே மாசு நேர்ந்திருக்கப் பெரிதும் வாய்ப்புண்டு என்று கருதியது. 1907 ஜூலையில், மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்று நிறுவிய ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட பத்து அறிவியலாளர்கள் அவருக்கு ஆதரவாக லண்டன் டைம்ஸ் நாளேட்டுக்குக் கடிதம் எழுதினர். பிரான்சில் யூத அதிகாரி டிரேஃபஸ் பொய்க் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்ட வழக்கோடு இதனை ஒப்பிட்டவர்களும் உண்டு.

அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் இந்தியா வந்த ஹாஃப்கினுக்குக் கல்கத்தாவில் பணி கிடைத்தது. பம்பாய் ஆய்வகம் திரும்பக் கிடைக்கவில்லை. பழி நீங்கியும் பதவி மீளாதது அவர் வாழ்வின் பெரும் அநீதி என்றே கொள்ள வேண்டும். 1914-இல் ஓய்வு பெற்று ஐரோப்பா சென்றார். 1925-இல் பம்பாய் ஆய்வகத்துக்கு ஹாஃப்கின் நிறுவனம் என்று பெயர் சூட்டப்பட்டது. அதன்பின் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்த அவர், 1930 அக்டோபர் 26 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார்.