உலகிற்கு நேரம் வகுத்தவர்

நுழையும்முன்

சென்னையில் மணி பத்து என்றால் மதுரையிலும் பத்து, தில்லியிலும் பத்து. இவ்வொற்றுமை இயற்கை தந்ததன்று. மாந்தர் கூடி வகுத்துக்கொண்டது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஊர்தோறும் நேரம் வேறுபட்டிருந்தது. அவ்வேறுபாடுகளை ஓர் ஒழுங்கிற்குள் கொண்டுவர உழைத்தவர்களுள் முன்னிற்பவர் சாண்ட்ஃபோர்டு ஃபிளெமிங். பல்கலைக்கழகத்தில் பயிலாத ஒரு நில அளவையர், உலகின் கடிகாரங்களையெல்லாம் ஒன்றோடொன்று பேசவைக்க முயன்ற வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் கடற்பயணமும்

ஸ்காட்லாந்து நாட்டின் கிர்கால்டி என்னும் கடற்கரை ஊரில் 1827ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் ஃபிளெமிங் பிறந்தார். பதின்பருவத்திலேயே ஜான் சாங் என்னும் பொறியாளரிடம் சேர்ந்து நில அளவைத் தொழிலைக் கற்றார். அளவுகோலும் வரைதாளுமே அவருக்குக் கல்லூரியாயின.

1845ஆம் ஆண்டில் தம் அண்ணனுடன் கப்பலேறி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து கனடா சென்றார். அங்குப் பீட்டர்பரோ என்னும் ஊரில் இருந்த உறவினர் அவருக்கு ஆதரவளித்தார். ஆயினும் புதிய நாட்டில் வேலை எளிதில் கிட்டவில்லை. ஊர்களை அளந்து நிலப்படம் வரைந்தார். அவற்றைக் கல்லச்சில் பதித்து விற்றுப் பிழைத்தார். கனடாவில் நில அளவையராகப் பணிபுரியத் தனித்தகுதி பெறவேண்டியிருந்தது. அதனை 1849இல் பெற்றார். அதே ஆண்டில் டொராண்டோ நகரில் கனடிய அறிவியல் கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவராகவும் விளங்கினார்.

1851ஆம் ஆண்டு கனடா வெளியிட்ட முதல் அஞ்சல்தலையை வரைந்தவரும் இவரே. அரசியின் உருவமே அஞ்சல்தலையை அணிசெய்த காலத்தில், தன் உழைப்பால் அணைகட்டி வாழும் பீவர் என்னும் விலங்கை அவர் அதில் இடம்பெறச் செய்தார்.

இருப்புப்பாதை அமைத்தல்

கடலோர மாநிலங்களை உள்நாட்டோடு இணைக்கும் இருப்புப்பாதைக்கு ஃபிளெமிங் தலைமைப் பொறியாளரானார். செலவைக் குறைக்க மரப்பாலங்களே போதும் என்று மேலாண்மைக் குழுவினர் கருதினர். மரம் தீப்பற்றும், விரைவில் மட்கும், ஆகவே இரும்புப் பாலங்களே வேண்டும் என்று ஃபிளெமிங் வாதிட்டார். நெடிய போராட்டத்திற்குப் பின் அவர் கருத்தே வென்றது.

1871இல் பசிபிக் கடற்கரை வரை இருப்புப்பாதை அமைப்பதற்கான அளவைப் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மறு ஆண்டு படகிலும் குதிரையிலும் கால்நடையாகவும் காடு, சமவெளி, மலை ஆகியவற்றைக் கடந்து, ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை பயணம் செய்தார். கிழக்கிலிருந்து மேற்கே செல்லச் செல்ல நண்பகல் பிந்திக்கொண்டே போவதை அத்தகைய நெடும்பயணம் செய்வோர் நன்குணர்வர்.

ஊருக்கு ஒரு நண்பகல்

கதிரவன் உச்சிக்கு வரும் பொழுதே நண்பகல் என்பது தொன்றுதொட்டு வந்த வழக்கம். புவி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. எனவே ஒரு பாகை கிழக்கே அமைந்த ஊரில் நண்பகல் நான்கு நிமிடம் முந்தி வரும். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகருக்கும் டொராண்டோ நகருக்கும் இடையே இவ்வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

குதிரைவண்டிக் காலத்தில் இது எவரையும் வருத்தவில்லை. தொடர்வண்டி வந்தபின் நிலைமை மாறியது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு நேரத்தைப் பின்பற்றியது. சில நிலையங்களில் இரண்டு மூன்று கடிகாரங்கள் வெவ்வேறு மணி காட்டித் தொங்கின. பயணிகள் வண்டியைத் தவறவிட்டனர். அதனினும் பெரிய இடர், ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரு வண்டிகளின் ஓட்டுநர்கள் வெவ்வேறு நேரத்தை நம்பியிருப்பது. அங்கே சில நிமிடப் பிழையும் உயிர்களைப் பறிக்கக்கூடும்.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவிலும் இந்நிலை இருந்தது. பம்பாய் நேரம் சென்னை நேரத்தினும் ஏறத்தாழ அரைமணி பிந்தியது. கல்கத்தா நேரம் ஏறத்தாழ அரைமணி முந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியத் தொடர்வண்டிகள், இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட சென்னை வானாய்வகத்தின் நேரத்தைப் பொது நேரமாகக் கொண்டு ஓடின. 1906இல் கிரீன்விச் நேரத்திற்கு ஐந்தரை மணி நேரம் முந்திய இந்தியப் பொதுநேரம் நடைமுறைக்கு வந்தது.

தவறிய வண்டி

1876ஆம் ஆண்டு ஃபிளெமிங் அயர்லாந்தில் பயணம் செய்தார். பண்டோரன் என்னும் சிற்றூரில் மாலை 5.35 மணி வண்டிக்காகக் காத்திருந்தார். வண்டி வரவில்லை. கால அட்டவணையில் காலை என்பதற்கு மாறாக மாலை என அச்சாகியிருந்தது. ஓர் எழுத்துப்பிழை அவருடைய ஓர் இரவைப் பறித்துக்கொண்டது.

வேறொருவராயின் சினந்து மறந்திருப்பர். ஃபிளெமிங்கோ அதற்கான காரணத்தை ஆராய்ந்தார். ஒரே நாளில் ஐந்து மணி ஏன் இருமுறை வரவேண்டும்? நாளை 24 மணிகளாகத் தொடர்ந்து எண்ணினால் மாலை 5.35 என்பது 17.35 ஆகிவிடும், குழப்பத்திற்கே இடமிராது. இவ்வினா மற்றொரு வினாவை எழுப்பியது. ஒரே கணத்திற்கு ஊர்தோறும் வெவ்வேறு பெயர் ஏன்?

திட்டமும் தடைகளும்

1879இல் ஃபிளெமிங் தம் திட்டத்தைக் கனடிய அறிவியல் கழகத்தில் முன்வைத்தார். புவியின் 360 பாகையை 24 பகுதிகளாக வகுத்தால் ஒவ்வொன்றும் 15 பாகை கொண்டதாகும். ஒவ்வொரு பகுதிக்கும் அடுத்ததற்கும் சரியாக ஒரு மணி நேர வேறுபாடு. ஆங்கில நெடுங்கணக்கில் இரண்டு எழுத்துகளை நீக்கி, எஞ்சிய 24 எழுத்துகளை இப்பகுதிகளுக்குச் சூட்டினார். இவற்றிற்கெல்லாம் பொதுவாக, புவியின் நடுவே ஒரு கடிகாரம் இருப்பதாகக் கருதி, அது காட்டும் நேரத்தை உலகப் பொதுநேரமாகக் கொள்ளவேண்டும் என்றார்.

இக்கருத்தை வரவேற்றவர் சிலரே. முந்திய ஆண்டில் டப்ளின் நகரில் நடைபெற்ற அறிவியல் மாநாட்டிற்குக் கட்டுரையுடன் சென்றபோது, அதனைப் படிக்கவே அவருக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை. பிரிட்டனின் அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏரியும் இத்திட்டத்தை ஏற்கவில்லை. 1880இல் தலைமைப் பொறியாளர் பொறுப்பிலிருந்தும் ஃபிளெமிங் விடுவிக்கப்பட்டார்.

ஐம்பத்து மூன்று வயதில் பதவி பறிபோயிற்று, கருத்தும் புறக்கணிக்கப்பட்டது. ஆயினும் அவர் ஓயவில்லை. கனடாவின் தலைமை ஆளுநர் வழியாக அவருடைய கட்டுரை பல நாட்டு அரசுகளுக்கு அனுப்பப்பட்டிருந்தது. இரஷ்ய வானியலாளர் ஓட்டோ ஸ்துரூவ, அமெரிக்க வானிலையாளர் கிளீவ்லாந்து அபே போன்றோர் துணைநின்றனர்.

வாஷிங்டன் மாநாடு

1883ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் வட அமெரிக்கத் தொடர்வண்டி நிறுவனங்கள் நேர மண்டலங்களை ஏற்றன. அதற்கான விரிவான திட்டத்தை வகுத்தவர் வில்லியம் ஆலன். முன்னரே அவ்வழியில் சிந்தித்தவர் சார்லஸ் டவுட் என்னும் ஆசிரியர். பலர் உழைப்பில் முகிழ்த்த இச்சிந்தனையைப் புவி முழுமைக்கும் உரியதாக விரித்தமையே ஃபிளெமிங்கின் தனிச்சிறப்பு.

1884 அக்டோபரில் 25 நாடுகள் வாஷிங்டனில் கூடின. பிரிட்டன் குழுவில் கனடாவின் சார்பாளராக ஃபிளெமிங் பங்கேற்றார். கிரீன்விச் வழியாகச் செல்லும் கோடே முதன்மைத் தீர்க்கக்கோடு என்று 22 நாடுகள் வாக்களித்தன; ஒரு நாடு எதிர்த்தது; பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்கவில்லை. எந்நாட்டின் பெருமிதத்தையும் புண்படுத்தாதிருக்க, கிரீன்விச்சுக்கு நேரெதிரே கடல்நடுவே செல்லும் கோட்டையே முதன்மையாகக் கொள்ளலாம் என்ற ஃபிளெமிங்கின் கருத்து ஏற்கப்படவில்லை. 24 மண்டலங்களைக் குறித்தும் மாநாடு முடிவெடுக்கவில்லை. எனினும் எண்ணத் தொடங்குவதற்கு ஒரு கோடு கிடைத்துவிட்டது. பிறகு நாடுகள் ஒவ்வொன்றாக மண்டல நேரத்திற்கு மாறின. பிரான்சு 1911இல்தான் இணங்கியது. அப்போதும் கிரீன்விச் என்னும் பெயரைக் கூறாமல், பாரிசு நேரத்தை 9 நிமிடம் 21 நொடி குறைத்துக்கொள்வதாகவே சட்டம் இயற்றியது.

கடலடியில் ஒரு கம்பி

1885 நவம்பர் 7ஆம் நாள் கனடிய பசிபிக் இருப்புப்பாதையின் இறுதி ஆணி அறையப்பட்டபோது எடுத்த புகழ்பெற்ற ஒளிப்படத்தில், உயர்ந்த தொப்பியும் வெண்தாடியுமாக ஃபிளெமிங் நிற்பதைக் காணலாம். கனடாவையும் ஆஸ்திரேலியாவையும் பசிபிக் கடலடித் தந்திக் கம்பியால் இணைக்கவேண்டும் என இருபதாண்டுகளுக்கு மேலாக அவர் வலியுறுத்தி வந்தார். அது 1902இல் நிறைவேறியது. 1897இல் சர் பட்டம் பெற்றார். கல்லூரி வாயிலை மாணவராக மிதிக்காத அவர், 1880 முதல் இறுதிவரை குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் வேந்தராகத் திகழ்ந்தார். 1915 சூலை 22ஆம் நாள் ஹாலிஃபாக்ஸில் இயற்கை எய்தினார்.

கைக்கடிகாரத்தில் உலகம்

உலகப் பொதுநேரத்தையும் உள்ளூர் நேரத்தையும் சேர்த்துக் காட்டும் கடிகாரம் ஒன்றை ஃபிளெமிங் இலண்டனில் செய்வித்திருந்தார். அவ்வெண்ணத்தை அனைவர்க்கும் எளிதாக்கியவர், ஜெனீவாவை அடுத்த கரூஜ் என்னும் ஊரைச் சேர்ந்த லூயி கோட்டியே (1894–1966) என்னும் கடிகாரக் கலைஞர். 1931இல் அவர் உருவாக்கிய பொறியமைப்பை வஷ்ரோன் கான்ஸ்டன்டின், பட்டெக் ஃபிலிப் முதலிய நிறுவனங்கள் தம் கடிகாரங்களில் பயன்படுத்தின.

இக்கடிகாரத்தின் நடுவிலுள்ள முட்கள் உள்ளூர் நேரத்தைக் காட்டும். அவற்றைச் சூழ்ந்து 1 முதல் 24 வரை எண்கள் பொறித்த வளையம் ஒன்றுண்டு. அது பற்சக்கரங்களால் இயங்கி, முட்களுக்கு எதிர்த்திசையில் நாளொன்றுக்கு ஒருமுறை சுற்றும். அதற்கும் வெளியே, மண்டலத்திற்கு ஒன்றாக நகரப் பெயர்கள் அமைந்த வளையம் உண்டு. பயணி தாம் இருக்கும் நகரை உச்சியில் நிறுத்தி, முட்களை அவ்வூர் நேரத்திற்குத் திருப்பினால் போதும். ஒவ்வொரு நகரின் எதிரே நிற்கும் எண் அந்நகரின் மணியாகும். உச்சியில் இலண்டனை நிறுத்திய நிலையில் கிரீன்விச் நேரம் காலை பத்து எனில், வலப்புறம் ஒன்பது இடம் தள்ளி டோக்கியோவின் எதிரே 19 நிற்கும். இடப்புறம் ஐந்து இடம் தள்ளி நியூயார்க்கின் எதிரே 5 நிற்கும். எண்வளையத்தின் ஒரு பாதி வெண்மையாகவும் மறுபாதி கருமையாகவும் இருப்பதால், எந்நகரில் பகல், எந்நகரில் இரவு என்பதும் ஒரு பார்வையில் விளங்கும். நிமிட முள்ளோ எல்லா நகரங்களுக்கும் ஒன்றே. மண்டலங்களுக்கிடையே முழு மணி நேர வேறுபாடே உண்டு என்னும் ஃபிளெமிங்கின் கணக்கே இதற்கு அடிப்படை. அதனால்தான் ஐந்தரை மணி வேறுபாடுடைய இந்திய நேரத்தை இவ்வளையத்தில் நேரே படிக்க இயலாது. அரைமணியைக் கூட்டியே அறியவேண்டும்.

உள்ளூர் நேரத்தை மக்கள் கைவிட்டு, உலகம் முழுவதும் ஒரே மணியைச் சொல்லும் நாள் வரும் என ஃபிளெமிங் நம்பினார். அது நிகழவில்லை. விடியலும் அந்தியும் ஊருக்கு ஊர் வேறாக இருக்கும்வரை, மாந்தர் தம் வாசலில் விழும் வெயிலைக் கொண்டே பொழுதை உணர்வர். ஆயினும் தம் ஊரின் மணியை அறிந்த ஒருவர், பிற ஊர்களின் மணியையும் அதே நொடியில் அறியமுடிகிறது. தன் ஊரையும் விடாமல் உலகையும் ஒதுக்காமல் வாழ வழிசெய்த அவ்வேற்பாட்டில், பண்டோரன் நிலையத்தில் வண்டியைத் தவறவிட்ட ஒருவரின் விடாமுயற்சி இன்றும் இயங்கிக்கொண்டிருக்கிறது.