டிஷ்லி பண்ணைக்காரர்

மெக்கானிக்கல் படித்தவனுக்கு ஆட்டு மந்தையில் என்னப்பா வேலை என்று சீனியர்கள் கேட்கலாம். ராபர்ட் பேக்வெல் செய்தது டிசைன் வேலை, அதனால்தான். மெட்டீரியல் மட்டும் இரும்பு இல்லை, உயிர்.

1725-இல் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில், லஃப்பரோ ஊருக்குப் பக்கத்திலுள்ள டிஷ்லியில் பிறந்தார். சுமார் 440 ஏக்கர் குத்தகைப் பண்ணை. 1760-இல் அப்பா காலமானதும் முழுப் பொறுப்பும் இவர் தலையில் விழுந்தது. வாய்க்கால் வெட்டிப் புல்வெளிக்குத் தண்ணீர் பாய்ச்சினார் (சிவில் நண்பர்கள் கவனிக்க!).

அன்றைக்கு ஆடு என்றால் முக்கியமாகக் கம்பளிதான், இறைச்சி பிறகுதான். நகரங்கள் பெருத்து வருவதைப் பார்த்த பேக்வெல் கணக்கைத் திருப்பிப் போட்டார். தின்கிற தீனி எலும்பாகப் போகாமல் சதையும் கொழுப்புமாக மாற வேண்டும், அதுவும் சீக்கிரம். கிடாவையும் பெட்டையையும் தனியாகப் பிரித்து, எதை எதோடு சேர்ப்பது என்று தானே தீர்மானித்தார். நல்ல குணம் கலைந்துவிடாமலிருக்க நெருங்கிய ரத்த உறவுக்குள்ளேயே சேர்த்தார். பலர் முகம் சுளித்தார்கள். அவர் கவலைப்படவில்லை. எலும்புக்கூடுகளையும் உப்பு நீரில் ஊறிய இறைச்சித் துண்டங்களையும் வீட்டிலேயே வைத்து, தலைமுறைக்குத் தலைமுறை ஒப்பிட்டார். இப்படித்தான் நியூ லெஸ்டர் ஆடு பிறந்தது.

ஆனால் மனுஷனுடைய மூளை தெரிவது கிடாவை விற்காமல் ஒரு பருவத்துக்கு வாடகைக்கு விட்டதில்தான். ஆரம்பத்தில் ஒரு கிடாவுக்கு ஒரு பவுன்கூடக் கிடைக்கவில்லை. 1789-இல் கிடா வாடகை மட்டும் சுமார் 3000 கினி! பணத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. பல ஊர்ப் பண்ணைகளில், பல விதத் தீனியில் அந்தக் கிடாவின் குட்டிகள் எப்படி வளர்கின்றன என்று பார்த்துவிட்டு, எது தேறியதோ அதைத் தன் மந்தைக்குப் பயன்படுத்தலாம். குட்டியை வைத்துத் தகப்பனை எடைபோடும் டெஸ்டிங் இது.

இது ஏன் பலித்தது என்பதற்கான கணக்கை, 1930-களில் அமெரிக்காவின் அயோவாவில் ஜே லஷ் என்ற பேராசிரியர் கால்நடை வளர்ப்போர் கையில் கொடுத்தார். அதன் பெயர் பாரம்பரியத் திறன். மந்தையில் தெரியும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு பிள்ளைக்கு இறங்கும், எவ்வளவு தீனியாலும் பராமரிப்பாலும் வந்தது என்பதைச் சொல்லும் எண். மந்தைச் சராசரி 10 லிட்டர் பால். நாம் பொறுக்கிய தாய் தகப்பன் தரம் 14 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 4 லிட்டர். எண் 0.25 என்றால் கன்றுகளுக்கு இறங்குவது 1 லிட்டர்தான். மீதி சிக்னல் இல்லை, நாய்ஸ்.

உடல் வளர்ச்சிக்கும் கொழுப்புக்கும் இந்த எண் ஓரளவு அதிகம். அதனால் கண்ணால் பார்த்துப் பொறுக்கியே பேக்வெல் ஜெயித்தார். ஒரு ஈற்றில் எத்தனை குட்டி என்பதற்கோ 0.1 பக்கம்தான். போதாக்குறைக்கு, ரத்த உறவுச் சேர்க்கை முதலில் அடிப்பதும் இந்த இனப்பெருக்கக் குணங்களைத்தான். அவர் ஆடுகள் குட்டி குறைவாகப் போட்டன. அவருடைய லாங்ஹார்ன் மாடுகள் கொழுத்தன, பால் குறைந்தது. ஒன்றைத் துரத்தும்போது இன்னொன்றை அளக்காமல் விட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நடுவில் ஒருமுறை திவாலும் ஆனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1795-இல் டிஷ்லியிலேயே காலமானார். லாங்ஹார்னின் இடத்தை ஷார்ட்ஹார்ன் பிடித்துக்கொண்டது. அதை வளர்த்தெடுத்த காலிங் சகோதரர்கள் டிஷ்லி முறையைப் பின்பற்றியவர்கள். அவர் ஆட்டு வழி வந்த பார்டர் லெஸ்டர் கிடாக்களை ஆஸ்திரேலியாவில் மெரினோ பெட்டைகளோடு இன்றும் சேர்க்கிறார்கள்.