'மேஜிக் புல்லட்' கனவு கண்ட டாக்டர்: யார் இந்த பால் எர்லிக்?

நுரையீரல் புற்றுநோய் எல்லாருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. அதில் 'ஏ.எல்.கே' என்ற மரபணு மாற்றத்தால் வரும் அரிய வகை ஒன்று இருக்கு. அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் 'கிரிசோடினிப்' மருந்துக்கு அமெரிக்கா 2011-ல் அனுமதி கொடுத்தது. ஆனா, இப்படிக் குறிவைத்துத் தாக்கும் மருந்து என்ற யோசனைக்கு வயசு 100-க்கும் மேல. அதற்கு விதை போட்டவர் ஜெர்மனி டாக்டர் பால் எர்லிக்.

சாயத்தில் பிறந்த ஐடியா

எர்லிக் பிறந்தது 1854-ல். மருத்துவ மாணவராக இருந்தபோதே, செயற்கைச் சாயங்களை உடல் திசுக்களில் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். ஒரு சாயம் சில செல்களில் மட்டும் ஒட்டும். பக்கத்துச் செல்லைத் தொடாது. அப்படின்னா, உடம்பைக் கெடுக்காமல் கிருமியை மட்டும் அழிக்கும் மருந்தும் சாத்தியம்தானே? அதற்கு அவர் வைத்த பெயர்தான் 'மேஜிக் புல்லட்'. நோய் எதிர்ப்பு ஆய்வுக்காக 1908-ல் நோபல் பரிசும் பெற்றார்.

ஒதுக்கப்பட்ட '606'

அந்தக் காலத்தில் சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்குச் சரியான மருந்து இல்லை. பிராங்பர்ட்டில் எர்லிக் குழு, ஆர்சனிக் கலந்த நூற்றுக்கணக்கான ரசாயனங்களைச் சோதித்தது. 606 என்ற எண் கொண்ட மருந்து முதலில் பலனில்லை என்று ஒதுக்கப்பட்டது. 1909-ல் ஜப்பானில் இருந்து வந்த சகாச்சிரோ ஹாட்டா, அதை முயல்களிடம் மறுபடி சோதித்தார். நோய் குணமானது!

விற்பனைக்கு முன் என்ன நடந்தது?

எர்லிக் உடனே விற்க அவசரப்படவில்லை. சுமார் 65,000 டோஸ்களை டாக்டர்களுக்கு இலவசமாகக் கொடுத்து, முடிவுகளைக் கேட்டு வாங்கினார். 1910-ல் 'சால்வர்சான்' என்ற பெயரில் மருந்து வந்தது.

ஆனா, சிக்கலும் கூடவே வந்தது. காற்று பட்டால் மருந்து கெடும். கரைத்து ஊசி போடுவதில் தவறினால் ஆபத்து. பக்கவிளைவுகளால் எர்லிக் மீது கடும் விமர்சனம் எழுந்தது. 1912-ல் எளிதாகக் கரையும் 'நியோசால்வர்சான்' கொண்டுவந்தார். 1915-ல், 61 வயதில் காலமானார்.

இன்றைக்கு என்ன தொடர்பு?

இன்றும் இலக்கு மருந்துக்கு அதே பாதைதான். முதலில் ஆய்வகம், விலங்குகள். பிறகு மனிதர்களிடம் எவ்வளவு டோஸ் பாதுகாப்பு, பலன் இருக்கா, பழைய சிகிச்சையைவிட மேலா என்று படிப்படியாகப் பார்ப்பார்கள். கூடவே, நோயாளிக்கு அந்த மரபணு மாற்றம் இருக்கா என்ற டெஸ்ட்டும் அவசியம். தோட்டா எவ்வளவு நல்லதா இருந்தாலும், இலக்கு இல்லாத இடத்தில் சுட்டால் பலன் இல்லையே!