பரதேசியிடமும் பாடம் கேட்ட மகாவித்துவான்



மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குத் தமிழ்ப் புலவர் எதுக்கு என்று கேட்பீர்கள். ஓசூர் சிப்காட்டில் எந்தக் கம்பெனி ஆள் எடுக்கிறது என்று எழுதியிருந்தால் நாலு பேராவது படிப்பீர்கள்! ஆனால் எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். சந்தேகம் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. அதனாலோ என்னவோ, உ.வே.சாமிநாதையர் தன் ஆசிரியரைப் பற்றி எழுதிய சரித்திரத்தை எடுத்தவன் கீழே வைக்கவில்லை. அந்த ஆசிரியர்தான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை.

1815-இல் திருச்சிப் பக்கம் பிறந்தவர். அப்பாதான் முதல் வாத்தியார். அவரும் மகனின் இளம் வயதிலேயே இறந்துபோனார். அந்தக் காலத்தில் ஜெராக்ஸ் ஏது? ஏடு வைத்திருப்பவரைத் தேடிப் போய், கெஞ்சி வாங்கி, பனையோலையில் எழுத்தாணியால் பிரதி எடுத்துப் படித்தார்.

தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூலைப் படிக்க ஆசைப்பட்டார். திருச்சித் தெருக்களில் பிச்சை எடுத்த ஒரு பரதேசிக்கு அது தெரியும். லேசில் சொல்லித்தருகிற ஆளில்லை. இவர் என்ன செய்தார் தெரியுமா? அவர் பிச்சைக்குப் போகும் தெருவெல்லாம் கூடவே நடந்தார். கஞ்சாகூட வாங்கிக் கொடுத்தார்! (அதைப் பின்பற்றச் சொல்லவில்லை நண்பர்களே.) பாடத்தைக் கேட்டு முடித்துவிட்டுத்தான் விட்டார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத லேத் ஆபரேட்டர் அண்ணனிடம் டூல் பிட் தீட்டக் கற்றுக்கொள்ள நம்மில் எத்தனை பேருக்குக் கூச்சம்?

இப்படிக் கற்றதை அவர் விற்கவில்லை. பிறகு மாயூரத்திலும் திருவாவடுதுறை மடத்திலும் பாடம் சொன்னார். ஃபீஸ் கிடையாது. மாணவர்களுக்குச் சோறும் போட்டார். மடம் மகாவித்துவான் பட்டம் கொடுத்தது. கடன் மட்டும் தீரவில்லை. சிவன்மேல் இருந்த பக்தி ஒன்றுதான் அவருக்குப் பிடிமானம். ஊர் ஊராகக் கோயில்களுக்குத் தலபுராணம் பாடினார். அவர் வாயால் சொல்லச் சொல்ல மாணவர்கள் ஏட்டில் எழுதுவார்கள். எழுதுகிறவன் கைதான் வலிக்கும், அவருக்குப் பாட்டு நிற்காது!

1871-இல் ஒரு ஏழைப் பையன் அப்பாவோடு வந்து நின்றான். வயது பதினாறு, நம்ம முதலாண்டுப் பையன் வயசு. பெயர் வேங்கடராமன், வீட்டில் கூப்பிடுவது சாமிநாதன். இரண்டாவது பெயரே ஆசிரியருக்குப் பிடித்தது. அதுவே நிலைத்தது.

தீவிர சைவர்தான். ஆனால் மாணவனிடம் மதம் பார்க்கவில்லை. நாகூர் குலாம் காதிர் நாவலர் அவரிடம் படித்த முஸ்லிம். சவேரிநாத பிள்ளை கிறிஸ்தவர். ஆசிரியருடனேயே இருந்து பணிவிடை செய்தவர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார்கிற நமக்கு இது புதுசாகத் தெரியாது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் யோசித்துப் பாருங்கள்!

1876 பிப்ரவரி 1. திருவாவடுதுறை. உடம்பு முழுக்கத் தளர்ந்துவிட்டது. திருவாசகம் கேட்க ஆசைப்பட்டார். ஆயுள் முழுக்கப் பாடம் சொன்னவர் அன்று கேட்கிற இடத்தில் இருந்தார். சவேரிநாத பிள்ளை ஆசிரியரைத் தன் மார்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். சாமிநாதன் அடைக்கலப்பத்தை வாசித்தார். அதைக் கேட்டபடியே அவர் உயிர் பிரிந்தது.