தமிழில் உடலறிவு தந்த மருத்துவர் கிறீன்

இலங்கைத்துறை முகத்துவாரத்தில் உச்சி வெயிலில் கரைவலை இழுக்கும் மீனவரின் உடல் வெப்பநிலையும், மார்கழி மழையில் நனைந்து வயலில் நிற்கும் விவசாயியின் உடல் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றே. 37 பாகை செல்சியஸை அண்டிய அந்த அளவு சற்றுப் பிசகினாலும் உடல் உடனே அதனைச் சீர்செய்ய முனைகின்றது. வெப்பம் மிகுந்தால் வியர்வை சுரந்து தோலைக் குளிர்விக்கின்றது. குளிர் மிகுந்தால் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, தசைகள் நடுங்கி வெப்பத்தைக் காக்கின்றன. இந்த ஏற்பாட்டையே நமது பாடநூல்கள் ஓர்சீர்த்திடநிலை என்று அழைக்கின்றன. இத்தகைய அறிவைத் தமிழ் பேசும் மக்கள் தம் சொந்த மொழியிலேயே கற்க வேண்டும் என்பதற்காகத் தம் வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவரை இன்று நாம் நினைவுகூர வேண்டியவர்களாக உள்ளோம். அவரே மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டரில் 1822ஆம் ஆண்டு பிறந்த கிறீன், நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். 1847இல் அமெரிக்க மிஷனின் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்து, வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் பணியாற்றினார். சமயப் பணியின் பொருட்டே அவர் வந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், அவர் விட்டுச்சென்ற மருத்துவ அறிவு சமய எல்லைகளைக் கடந்து தமிழ் பேசும் அனைவருக்கும் உரியதாயிற்று.

தொடக்கத்தில் அவர் மாணவர்களுக்கு ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். ஆனால் ஆங்கிலம் கற்ற மருத்துவர்கள் அரச உத்தியோகத்தையும் நகர வாழ்வையும் நாடிச் செல்வதையும், கிராமத்து நோயாளி கைவிடப்படுவதையும் அவர் கண்டார். கிராமத்துக்கு மருத்துவம் சென்றடைய வேண்டுமாயின் அது கிராமத்தின் மொழியில் அமைய வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அதன்படி 1864ஆம் ஆண்டு முதல் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கலானார். அவரிடம் பயின்ற அறுபதுக்கும் மேற்பட்டோரில் 33 பேர் தமிழ்வழி கற்றவர்கள். தம் மாணவர்கள் உடையிலும் உணவிலும் தமிழராகவே இருக்க வேண்டும் என்பதும் அவரது விருப்பமாக இருந்தது.

கற்பிப்பதற்கு நூல்கள் வேண்டுமல்லவா? கட்டர் எழுதிய உடற்கூற்று, உடற்றொழில், சுகாதார நூல் 1857இல் அங்காதிபாத சுகரணவாத உற்பாலனம் என்ற பெயரில் தமிழில் வெளிவந்தது. அதே ஆண்டில் பிரசவ வைத்தியமும், 1867இல் இரண வைத்தியமும், 1872இல் கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலின் தமிழாக்கமும், 1875இல் கெமிஸ்தமும் வந்தன. கிறீனும் சப்மன், டான்போர்த் முதலிய அவருடைய மாணவர்களும் ஆக்கிய மருத்துவ நூல்கள் 4000 பக்கங்களுக்கும் மேற்பட்டவை. முதலில் தமிழிலும் அடுத்து வடமொழியிலும் சொல் தேடுவதும், இரண்டிலும் கிடைக்காதவிடத்து மட்டும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றிக்கொள்வதும் அவர் கைக்கொண்ட முறையாகும்.

இந்த வரிசையில் நம் கவனத்தை ஈர்ப்பது 1883இல் வெளிவந்த மனுஷ சுகரணம் ஆகும். அமெரிக்க உடற்றொழிலியலாளர் ஜோன் டால்டனின் நூலின் தமிழாக்கம் அது. டால்டன் பாரிஸ் நகரில் குளோட் பேர்னாட்டிடம் பயின்றவர். ஈரல் சர்க்கரையைச் சேமித்துத் தேவைக்கேற்ப இரத்தத்தில் விடுகின்றது என்பதைக் காட்டியவரும், உடலின் உள்ளே ஒரு நிலையான சூழல் பேணப்படுகின்றது என்ற கருத்தை முன்வைத்தவரும் இந்தப் பேர்னாட்டே. அதே கருத்துக்கு 1926இல் அமெரிக்கரான வோல்ட்டர் கனன் புதிய பெயர் சூட்டினார். ஆக, உலகின் முன்னணி ஆய்வுகூடத்தில் உருவான அறிவுமரபு, ஒரு தலைமுறைக்குள் தமிழில் வந்து சேர்ந்தது என்பது சிறிய செய்தியன்று.

நோன்பு நோற்கும் ஒருவரின் உடலில் பகல் முழுவதும் நடைபெறுவதும் இந்தச் சமநிலை பேணலே. உணவு வராதபோது ஈரல் தன் சேமிப்பிலிருந்து இரத்தத்துக்குச் சர்க்கரை வழங்குகின்றது. நீர் குறையும்போது சிறுநீரகங்கள் சிறுநீரைச் செறிவாக்கி நீரை மிச்சப்படுத்துகின்றன. நீரிழிவு நோயாளருக்கு இந்த ஒழுங்கு பழுதடைந்திருப்பதனாலேயே, நோன்புக்கு முன் மருத்துவரின் ஆலோசனை பெறுமாறு வலியுறுத்தப்படுகின்றது. காரணம் விளங்கினால் அறிவுரை சுமையாகத் தோன்றாது.

கிறீனின் காலத்தில் வாந்திபேதி யாழ்ப்பாணத்தில் பல உயிர்களைக் காவுகொண்டது. அந்நோயில் உடலிலிருந்து நீரும் உப்பும் மிக வேகமாக வெளியேறி, உட்சமநிலை குலைவதே மரணத்துக்குக் காரணம். இழந்ததைத் திரும்பக் கொடுத்தால் உயிர் பிழைக்கும். இன்று நம் வீடுகளில் அறிமுகமான ஜீவனிக் கரைசலில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்திருப்பது இதன்பொருட்டே. குடலில் சர்க்கரை உறிஞ்சப்படும்போது உப்பும் நீரும் உடன் செல்கின்றன. 2004ஆம் ஆண்டு கடற்கோளின் பின்னர் நம் மாவட்டத்திலும் மக்கள் முகாம்களில் நெருங்கி வாழ நேர்ந்தது. அப்போதும் இலங்கையில் பெரிய வாந்திபேதிக் கொள்ளை நோய் பரவவில்லை. சுத்தமான நீரும் சுகாதார அறிவும் எத்தகைய காவல் என்பதை அந்த நாட்கள் உணர்த்தின.

அறிவு மொழி மாறிப் பயணம் செய்வது புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறிஸ்தவ அறிஞர், கிரேக்க மருத்துவரான கேலனின் நூல்களை சிரியாக் மொழிக்கும் அரபு மொழிக்கும் பெயர்த்தார். அந்த மரபில் வந்த இப்னு நபீஸ், 13ஆம் நூற்றாண்டில் கேலனையே மறுத்து, இரத்தம் இதயத்தின் வலப்புறத்திலிருந்து நுரையீரல் வழியாகவே இடப்புறத்தை அடைகின்றது என்று எழுதினார். சொந்த மொழியில் ஆழமாகக் கற்ற சமூகமே பின்னர் சொந்தமாகச் சிந்திக்கின்றது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமா?

கிறீன் 1873இல் உடல்நலக் குறைவுடன் தாயகம் திரும்பினார். அங்கிருந்தவாறும் தமிழ்ப் பணியைத் தொடர்ந்தார். 1884ஆம் ஆண்டு வூஸ்டரில் காலமானார். தமிழர்களுக்காக உழைத்த மருத்துவ ஊழியர் என்பதே தம் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என்பது அவரது விருப்பமாக இருந்தது. மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை அவரை நினைவூட்டி நிற்கின்றது.

ஆனால் அவர் எழுப்பிய கேள்வி இன்னும் தீரவில்லை. மூதூரிலும் கிண்ணியாவிலும் ஈச்சிலம்பற்றிலும் நம் பிள்ளைகள் உயர்தர வகுப்பு வரை உயிரியலைத் தமிழில் கற்கின்றனர். மருத்துவபீடம் புகுந்ததும் அனைத்தும் ஆங்கிலமாகின்றன. அங்கு கற்ற அறிவு, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஏன் நாள்தோறும் வேண்டும் என்று கேட்கும் மூதாட்டிக்கு விளங்கும் தமிழில் திரும்பி வருகின்றதா? நோயாளர் தம் மொழியில் விளக்கம் பெறுவது சலுகையன்று, சிகிச்சையின் ஒரு பகுதியாகும். பள்ளிவாசலிலும் ஆலயத்திலும் பாடசாலையிலும் தமிழில் உடலறிவு பேசப்பட வேண்டும். நம் மருத்துவர்கள் தமிழில் எழுத முன்வர வேண்டும். கடல் கடந்து வந்த ஒருவர் தமிழ் கற்றுச் செய்த பணியை, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நாம் தொடராதிருப்பது முறையாகுமா?