தம் சரிதம் தாமே கூறிய தமிழ்ப் பெரியார்

தன்னைப் பற்றித் தானே பேசுதல் ஆன்றோர்க்கு அரியதொரு செயலாம். அகங்கார மமகாரங்கள் ஆணவமலத்தின் காரியமாதலின், ஒருவன் தன் வரலாற்றை எடுத்துரைக்கப் புகுங்கால் அவை அவனறியாமலே சொற்களில் நுழைந்து, உலகம் தன்னை எவ்வாறு காணல்வேண்டுமென அவன் விழைகின்றானோ அவ்வாறே காட்டிவிடும். தற்புகழ்ச்சியைப் பொதுவாக விலக்கிய நன்னூலார் சில இடங்களில் மாத்திரம் அதனை உடன்பட்டார். இவ்வரிய செயலை மேற்கொண்டும் பெரும்பாலும் வழுவாது நின்ற ஒருவர், மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் ஆவர்.

ஐயரவர்கள் உத்தமதானபுரத்தைத் தம் முன்னோர் ஊராகக் கொண்ட குடும்பத்தில், சங்கீத வித்துவானாகிய வேங்கடசுப்பையரின் புதல்வராய் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் தோன்றினார்கள். வேங்கடராமன் என்பது இட்ட பெயர்; சாமிநாதன் என்பதே வழங்கி நிலைத்த பெயர். தந்தையார் தம் இசையையே மகனும் பயிலல்வேண்டுமென விழைந்தும், மகனது உள்ளம் தமிழின்பாற் சென்றதைக் கண்டு, 1871-ல் மாயூரத்திலிருந்த திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையவர்களிடம் அவரைக் கொண்டு சேர்த்தார். அங்கே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை கற்கத் தொடங்கிய மாணாக்கர், அது தமிழ்ப் பயிற்சிக்குத் தடையாகும் என்பது ஆசிரியர் கருத்தென்றறிந்து அதனை விடுத்தார்.

பிள்ளையவர்களுடன் திருவாவடுதுறை ஆதீனத்தையடைந்த ஐயரவர்கள், ஸ்ரீலஸ்ரீ சுப்பிரமணிய தேசிகரவர்களின் அருணோக்கிற்கும் உரியராயினர். 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் சிவபதம் அடையுங்காலத்து, அவர்கள் கேட்கத் திருவாசகத்து அடைக்கலப்பத்தை ஓதும் பேறு இம்மாணாக்கர்க்கே வாய்த்தது. ஆசிரியரை இழந்த அவரை ஆதீனம் கைவிடவில்லை. தேசிகரவர்களிடம் பாடங் கேட்டும், பிறர்க்குப் பாடஞ் சொல்லியும் மடத்திலேயே இருந்துவந்தார். 1880-ல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த தியாகராச செட்டியாரவர்கள், தாம் விலகுங்கால் அவ்விடத்திற்கு அவரை வேண்டி அழைத்துச் சென்றார்கள்.

அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், கும்பகோணத்து முன்சீபாயிருந்த சேலம் இராமசுவாமி முதலியாரவர்களைக் காணச் சென்றார். கற்ற நூல்கள் யாவை என்று முதலியார் வினவ, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் என ஐயரவர்கள் நெடிது அடுக்கினார்கள். முதலியாரோ அவற்றால் மகிழ்ந்திலர். சிந்தாமணி முதலிய பழைய காப்பியங்களைப் படித்ததுண்டோ என்றே கேட்டனர். இல்லையென்னும் விடையன்றி வேறு விடை அவர்களிடம் இல்லை. அந்நாணமே பின்னர் விளைந்த பெரும்பயனுக்கு வித்தாயிற்று. சிந்தாமணியின் பொருள் காணவேண்டிச் சைவமடத்து மாணாக்கராகிய அவர்கள் கும்பகோணத்துச் சைனர்களை அடுத்துக் கேட்டறிந்தார்கள். 1887-ல் சீவகசிந்தாமணியும், 1889-ல் பத்துப்பாட்டும், 1892-ல் சிலப்பதிகாரமும், 1894-ல் புறநானூறும், 1898-ல் மணிமேகலையும் அவர்கள் பதிப்பாய் வெளிவந்தன.

இத்துணைப் புகழ் எய்திய பின்னரும் அவர்கள் முதற்கண் எழுதியது தம் வரலாறன்று. 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பாகமாகப் பிள்ளையவர்கள் சரித்திரத்தையே வெளியிட்டார்கள். தம் வரலாற்றை ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதப் புகுந்தது 1940-ல், தமது 85-ஆம் வயதில். அதனுள்ளும் பெரும்பகுதி பிள்ளையவர்களுடைய புலமையும், வறுமையும், தேசிகரவர்களுடைய வள்ளன்மையுமே. முதலியாரிடம் தாம் நாணி நின்ற செய்தியை மறைத்திருப்பின் அறிவார் ஒருவருமிலர். அதனையும் அவர்களே விளங்க எழுதிவைத்தார்கள். ஆன்மா சார்ந்ததன் வண்ணமாவது என்பது நம் சித்தாந்தத் துணிபு. தம்மைக் கூறப் புகுந்தவர்களின் நூல் குருவின் வண்ணமாயினமைக்குக் காரணம் இதுவேயென்க.

எனினும் ஒன்று ஈண்டுக் கருதற்பாலது. ஏடு தேடி ஊரூராய் அலைந்த எளிய தொண்டர் என்று இன்று நாம் உள்ளத்திற் காணும் ஐயரவர்களின் உருவம், பெரும்பான்மையும் அவர்கள் தம் கையால் எழுதியதே. சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பி யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் பிரதி வேண்டியதும், ஐயரவர்கள் உடன்படாமையும் அந்நூலுட் சொல்லப்பட்டுள்ளன. அதனை மாத்திரம் கற்பார், 1881-ல் வீரசோழியமும், 1885-ல் தொல்காப்பியப் பொருளதிகாரமும், 1887-ல் கலித்தொகையும் அச்சேற்றிய அப்பெரியாரைப் பிறரது கதையில் இடைவந்த ஒருவராகவே எண்ணி மயங்குவர். 1901-ல் மறைந்த அவர்களுக்குத் தம் பக்கத்தை எடுத்துரைக்கும் வாய்ப்பு இல்லாதொழிந்தது. கதை கூறவல்லார் பிறரைப் பழியாதிருப்பினும், கூறாதார் புகழ் தானே குறைந்துவிடுகின்றது. உரையளவை குற்றமற்றதாவது இறைவன் வாக்கின்கண்ணே. மலமுடைய உயிர்களின் உரை எத்துணைத் தூயதாயினும் காண்டலானும் கருதலானும் ஆராய்ந்தே கொள்ளற்பாலது. இவ்வாராய்ச்சி ஐயரவர்களின் பெருமைக்கு இழுக்காகாது. தாமோதரம்பிள்ளையவர்களுக்கு நாம் செலுத்தவேண்டிய கடனும் இதுவாம்.

ஐயரவர்களின் சரிதம் முற்றுப்பெறவில்லை. மணிமேகலைப் பதிப்புக் காலத்தையொட்டியே நின்றுவிட்டது. 1903-ல் சென்னை இராசதானிக் கல்லூரியையடைந்ததும், 1906-ல் மகாமகோபாத்தியாயப் பட்டம் பெற்றதும், 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்ததும் ஆகிய சிறப்புக்காலம் முழுதும் அவர்கள் வாயாற் கூறப்படாமலே போயிற்று. கற்றதும், வருந்தியதும், பிறர்பால் உதவி பெற்றதுமே எஞ்சின. யுத்தகாலத்திற் சென்னையை நீங்கித் திருக்கழுக்குன்றத்தில் திருவாவடுதுறை ஆதீனத்துக்குரிய இல்லத்தில் தங்கியிருந்தபோது, 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் அவர்கள் இறைவன் திருவடி எய்தினார்கள். அந்நூல் 1950-ல் புத்தகவடிவாய் வெளிவந்தது. தம்மைப் பற்றி எழுத எண்ணும் அன்பர்கள், தமக்குக் கற்பித்தாரையும் உதவினாரையும் முன்வைத்து, உடன் உழைத்தார் பங்கையும் ஒளியாது எழுதுவராயின், அவ்வெழுத்து ஆணவத்திற்கு இரையாகாது அடிமைத்திறத்திற்குச் சான்றாய் நிற்கும்.