முப்புரி கண்ட அறிஞர்

சென்னைக்கு வடக்கே, தமிழகமும் ஆந்திரமும் கூடுமிடத்தில், பழவேற்காடு என்னும் உப்பங்கழி ஏரி பரந்து கிடக்கின்றது. அதன் கரையூர்களில் வாழும் மீனவர் இறாலும் மடவையும் நண்டும் பிடித்துப் பிழைப்பவர். எவ்விடத்தில், எந்நாளில், எவர் வலை விரிப்பது என்பதைப் ‘பாடு’ என்னும் பழைய முறையால் தமக்குள்ளேயே வகுத்துக்கொள்ளும் வழக்கம் அவரிடையே உண்டு. வலைக்கும் படகுக்கும் கயிறு இன்றியமையாதது. அக்கயிறு அமைந்திருக்கும் வகையைக் கூர்ந்து நோக்கினால் ஒரு நுட்பம் புலப்படும். முதலில் இழைகளை ஒரு திசையில் முறுக்கிப் புரியாக்குவர். பின்னர் அத்தகைய புரிகள் மூன்றைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்குவர். புரி தன் முறுக்கை அவிழ்க்க முயலுந்தோறும் கயிற்றின் முறுக்கு இறுகும். ஆதலின் அஃது எளிதில் பிரிவதில்லை.

அம்மீனவர் வலையில் அகப்படும் மீனின் தோலிலும் செதிலிலும் இதே முப்புரிக் கயிறு, கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய வடிவில் திரிக்கப்பட்டுக் கிடக்கின்றது. நம் தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் உள்ளதும் அதுவே. கொல்லாஜன் என்பது அப்பொருளின் பெயர். அதன் அமைப்பைச் சென்னையில் இருந்தவாறே ஆராய்ந்து உலகுக்கு உரைத்தவர் கோ. நா. இராமச்சந்திரன் ஆவார்.

இவர் 1922ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் நாராயண ஐயர் கணிதப் பேராசிரியர். மைந்தருக்கும் கணிதச் சுவையை இளமையிலேயே ஊட்டினார். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றபின், இராமச்சந்திரன் 1942இல் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். ஆங்கு இயற்பியல் துறைக்குத் தலைவராயிருந்த சர் சி. வி. இராமன் இவருடைய ஆற்றலைக் கண்டு தம் துறைக்கே இழுத்துக்கொண்டார். பொறியியல் ஒரு நல்ல பொறிஞரை இழந்தது. அவ்விழப்பு நமக்கு ஆக்கமாயிற்று. பின்னர் இவர் 1947 முதல் ஈராண்டு கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்து மீண்டார். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவரானபோது இவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை.

இனி இவர் எடுத்துக்கொண்ட பொருளைச் சிறிது அறிதல் வேண்டும். நீர் என்பது மூன்றே அணுக்கள் கூடிய சிறு மூலக்கூறு. பருத்தி நூலோ, ஆயிரக்கணக்கான சர்க்கரைக் கூறுகள் சங்கிலிபோல் கோக்கப்பட்ட பெருமூலக்கூறுகளால் ஆயது. பழவேற்காட்டு இறாலின் ஓடும், பருத்தி வலையை வென்று நிலைத்துவிட்ட நைலான் வலையும் இவ்வினத்தனவே. புரதங்களும் அவ்வாறே அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிகள். சங்கிலி எவ்வாறு மடிந்தும் முறுக்கியும் கிடக்கின்றது என்பதைப் பொறுத்தே பொருளின் வலிமையும் இயல்பும் அமைகின்றன. அவ்வடிவைக் கண்டறிவதே அந்நாளில் அறிஞரை மயக்கிய வினா.

1952இல் சென்னைக்கு வந்த பெர்னால் என்னும் அறிஞர், கொல்லாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று இராமச்சந்திரனிடம் எடுத்துரைத்தார். அமெரிக்கப் பேரறிஞர் பாலிங் 1951இல் கூறிய அமைப்பும் பொருந்தாது போயிற்று. இராமச்சந்திரன் தம் உடனாய்வாளர் கோபிநாத் கர்த்தாவுடன் இப்பணியில் இறங்கினார். ஆய்வுக்கு வேண்டிய தூய பொருளாகக் கங்காருவின் வால் தசைநாண், சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் வழியே கிடைத்தது. அதன்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்த, அவை சிதறிப் படத்தகட்டில் புள்ளிகளாகவும் கறைகளாகவும் விழும். அக்கறைகளிலிருந்து அணுக்களின் இருப்பிடத்தைக் கணித்தறிதல் வேண்டும். நிழலை மட்டும் கண்டு ஆளை வரைவது போன்ற அருஞ்செயல் அது!

1954ஆம் ஆண்டு, மூன்று சங்கிலிகள் சேர்ந்ததே கொல்லாஜன் என்று இருவரும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். மறு ஆண்டே அதனைத் தாமே திருத்தி, ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கமாக முறுக்கியிருக்க, மூன்றும் கூடி வலப்பக்கமாகச் சுற்றியுள்ளன என்று காட்டினர். கயிறு திரிக்கும் நுட்பமே ஈண்டும் காண்கின்றோம். கொல்லாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசீன் என்னும் அமினோ அமிலம் என்பதை வேதியியலார் முன்னரே அளந்திருந்தனர், காரணம் அறிந்திலர். முப்புரியின் நடுவே இடம் மிகவும் குறுகியது. ஆங்கு அடங்கவல்லது யாவற்றினும் சிறியதாகிய கிளைசீன் ஒன்றே. அதன் இடத்தில் வேறொன்று வந்து அமருமாயின் என்பு எளிதில் முறியும் பிறவிநோய் உண்டாகின்றது என்று பிற்காலத்தில் தெளிந்தனர். சூடேற்றினால் புரிகள் பிரிந்து, கொல்லாஜன் குழைந்து பசையாகும். நம் தச்சர் பலகை ஒட்டுதற்குத் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரம் இதுவே. குளிர்கடல் மீனின் கொல்லாஜன் சிறு சூட்டிலேயே பிரிந்துவிடும். பழவேற்காடு போன்ற வெப்பநாட்டு நீர்மீன்களுடையதோ அதனினும் மிகுந்த சூட்டைத் தாங்கும்.

ஆயினும் புகழோடு எதிர்ப்பும் வந்தது. டி.என்.ஏ.யின் இருபுரியை 1953இல் வாட்சனோடு கண்டறிந்த கிரிக்கும், அவருடைய துணைவர் ரிச்சும், சென்னை அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று கண்டித்தனர். சங்கிலிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு மும்மூன்று கூறுகளுக்கு இரண்டன்று, ஒன்றே என்றும் வாதிட்டனர். கேம்பிரிட்ஜின் பெயருக்கு முன் சென்னையின் குரல் எடுபடுவது அரிது. வேறொருவராயின் சினந்து மறுப்புரை எழுதுவர். அன்றேல் மனம் சோர்ந்து வேறு துறை நாடுவர். இராமச்சந்திரனோ, ‘அளவுக்கு மீறிய நெருக்கம்’ என்பதன் அளவு யாது என்று வினவினார். அதற்கு விடை எவரிடமும் செவ்வையாக இல்லை என்பது அப்போதுதான் வெளிப்பட்டது.

அதுவரை அமைப்பு அறியப்பட்ட படிகங்களையெல்லாம் தேடி, எந்த அணு எந்த அணுவை எவ்வளவு அணுகலாம் என்று தம் மாணவர்களோடு தொகுத்தார். பின்னர்ச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் உள்ள இரண்டு திருப்பங்களைப் பல கோணங்களில் வைத்து, அணுக்கள் மோதுகின்றனவா என்று கணக்கிட்டனர். இன்றைய கணினி அவர்கட்கு இல்லை. மேசைக் கணக்குப் பொறிகளைக்கொண்டே இவ்வுழைப்பு நடந்தது. முடிவில் ஒரு சதுரப் படம் உருவாயிற்று. அதில் முக்காற் பங்கு இடம் விலக்கப்பட்டதாகவும், சிறு சிறு தீவுகளே ஏற்புடையனவாகவும் நின்றன. இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய இருவரோடும் சேர்ந்து இதனை 1963இல் வெளியிட்டார். ‘இராமச்சந்திரன் படம்’ என்று உலகோர் அழைப்பது இதனையே. கொல்லாஜனுக்கு மட்டுமன்றிப் புரதம் யாவற்றுக்கும் இது பொருந்தும். இன்றும் புதிதாக ஒரு புரதத்தின் வடிவை அறிவிப்போர் அதனை இப்படத்தில் இட்டுச் சோதித்தே வெளியிடுகின்றனர்.

பழைய வழக்கின் தீர்ப்பையும் மறையாது கூறுதல் நேர்மை. 1994இல் வெளிவந்த படிக ஆய்வு முப்புரியை ஐயமற உறுதிசெய்தது. ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றே என்பதில் கிரிக், ரிச் கூற்றே நிலைத்தது. எனினும் அவ்வழக்கினின்று விளைந்த படம், வழக்கைக் காட்டிலும் பெரிதாயிற்று. நோபல் பரிசு இவருக்குக் கிட்டாமை குறித்து இன்றும் வருந்துவோர் உளர். அவ்வருத்தம் நியாயமே என்பது என் கருத்து.

சென்னையை விட்டு நீங்கியபின், பெங்களூரில் மூலக்கூற்று உயிர் இயற்பியல் துறையை நிறுவினார். உடலின் உட்பகுதியைக் குறுக்குவெட்டாகக் காட்டும் கருவிகட்கு உதவும் கணித முறையொன்றை 1971இல் இலட்சுமிநாராயணனுடன் வகுத்தார். 1977இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். முதுமையில் நடுக்கநோய் இவரை வாட்டியது. 1998இல் மனைவியார் இராஜலட்சுமி மறைந்தார். இராமச்சந்திரன் 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் உயிர்நீத்தார்.